பிக் பிட் சுரங்கத்தைப் பற்றி மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தொலைபேசியில் இதைக் கேட்டால் ‘ம்’ என்று சொல்லிவிட்டு, ‘மாத்திரை போட்டீர்களா’ என்று என்னைத் திருப்பிக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

முழங்கால் காரணமாக உங்கள் அப்பாவால் என்னோடு வர முடியவில்லை என்றாலும், மாலை நடையில் தம்முடைய பழைய ஷிப்ட் நண்பர்களைப் பார்க்கும்போதெல்லாம், வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் என் மகன் தன் தாயை அழைத்துக்கொண்டு இறங்கினான் என்று சொல்லாமல் அவர் வீடு திரும்புவதில்லை. நெய்வேலியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவருக்குச் சுரங்கம் என்றால் வானம் தெரியும் பெரும்பள்ளம்தான். கூண்டில் ஏறித் தொண்ணூறு மீட்டர் கீழே போவது எப்படி இருந்தது என்று என்னைத் துருவித் துருவிக் கேட்கிறார். அவருக்குச் சொல்லச் சொல்லத்தான், அன்று நான் கவனித்தவை ஒவ்வொன்றாக எனக்கு விளங்கின.

காட்சியகமாக மாறிவிட்டாலும் அந்தக் குழி சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்பதால், தீப்பொறி எழுப்பக்கூடிய எதையும் கீழே கொண்டுபோகக் கூடாதென்று தீப்பெட்டி, கைக்கடிகாரம், கைபேசி எல்லாவற்றையும் மேலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் கொடுத்துவிட்ட பிறகும் நீ கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் திரையை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, கடைசியாகக் கொடுத்தாய். யாருடைய அழைப்புக்குக் காத்திருந்தாய் என்று நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் தலைக்கவசமும் விளக்கும் மாட்டிக்கொண்டு கீழே நடந்த அந்த முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீ வாய் ஓயாமல் பேசினாய், தம்பி. குதிரை லாயங்களில் ஒவ்வொரு குதிரையின் பெயரையும் எழுதி வைத்திருந்ததை எனக்குப் படித்துக் காட்டினாய். காற்று சரியான வழியில் ஓடுவதற்காகப் போட்ட கதவுகளை, வண்டி வரும்போது திறந்து மூடுவதற்கென்றே சின்னப் பிள்ளைகளை இருட்டில் உட்கார வைத்திருந்தார்கள் என்றும், பெண்களும், பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்யக் கூடாதென்று 1842இல்தான் சட்டம் வந்தது என்றும் எனக்கு விளக்கினாய். வழிகாட்டி எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய். மேலே வந்து கைபேசியைத் திரும்பப் பெற்றதும் உன் முகம் மாறிவிட்டது. கார்டிஃப் வந்து சேரும்வரை நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது குளியலறைக் கட்டடம்தான். அப்பாவுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது, இயந்திரங்களைப் பற்றிச் சொல் என்கிறார். 1939இல் அது கட்டப்படும்வரை அந்த ஊர் ஆண்கள் கரியோடு கரியாகத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். பெண்கள் தண்ணீர் சுமந்து, அடுப்பில் காய்ச்சி, தகரத் தொட்டியில் ஊற்றி, கணவனும் மகன்களும் ஒருவர் பின் ஒருவராகக் குளித்த பிறகு, அந்தத் துணிகளையும் துவைத்துக் காய வைத்திருக்கிறார்கள். அடுத்த ஷிப்ட் ஆள் வந்தால் மறுபடியும் அதே வேலை. குளியலறை வந்த பிறகு அழுக்கு உடைக்கு ஓர் அலமாரி, சுத்தமான உடைக்கு வேறோர் அலமாரி, நடுவில் வெந்நீர்க் குழாய்கள் என்று ஆனதும், ஓர் ஆண் வெள்ளைச் சட்டையோடு வீடு திரும்ப முடிந்தது. அந்தப் பெண்களின் இடுப்புக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே நின்றபோது இன்னொன்றும் தோன்றியது. வெள்ளைச் சட்டையோடு வருகிறவனைப் பார்த்து, அன்று கீழே அவனுக்கு என்ன நேர்ந்தது என்று மனைவியால் எப்படிக் கண்டுபிடிக்க முடிந்திருக்கும்?

1923இல் ஆயிரத்து முந்நூறு பேருக்கு மேல் வேலை செய்த இடம் அது. 1980 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். 1983இலேயே மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். 2000இல் யுனெஸ்கோ அந்த வட்டாரம் முழுவதையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எல்லாம் பெருமைக்குரியதுதான். எனக்கு அந்த நடுவிலிருந்த மூன்று ஆண்டுகள்தான் மனத்தில் நிற்கின்றன. நம்மை அழைத்துப்போன வழிகாட்டியும் முன்னாள் சுரங்கத் தொழிலாளிதானே, வேலை போனபின் வீட்டை எப்படி நடத்தினார் என்று அவரிடம் கேட்டுச் சொல் என்றேன். நீ சுரங்கத்தின் ஆழத்தைக் கேட்டாய். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும், தம்பி.

நான் திரும்பி வந்த பிறகு, செவ்வாய், புதன் என்று வேலை நாட்களில் இங்கே பிற்பகல் மூன்றரை மணிக்கு அழைக்கிறாய். அங்கே அப்போது காலை பதினொன்று. முன்பெல்லாம் அந்த நேரத்தில் நான் அழைத்தால் எடுக்கவே மாட்டாய். பின்னணியில் பாப்பாவின் பொம்மைச் சத்தம்தான் கேட்கிறது. நான் எதையும் கற்பனை செய்யவில்லை. நன்றாகச் சாப்பிடு. இரவில் வெகுநேரம் விழித்திருக்காதே.

விளக்கறையைப் பற்றிச் சொன்னபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கீழே இறங்கும் ஒவ்வொருவனுக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. அதை வைத்துத்தான் யார் இன்னும் கீழே இருக்கிறார் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியும். விபத்து நடந்தால் முதலில் எண்ணுவது அந்த வில்லைகளைத்தான். அதே தென் வேல்ஸில் 1913இல் செங்ஹெனித் சுரங்கத்தில் வெடிவிபத்து ஏற்பட்டு 439 பேர் இறந்தார்களாமே, அன்று அந்தக் குழிவாயிலில் நின்ற தாய்மார்களுக்கும் தங்கள் பிள்ளை கீழே போயிருக்கிறான் என்பதாவது தெரிந்திருந்தது. நீ எங்கே இருக்கிறாய் என்பது எனக்குத் தெரிய வேண்டும். கார்டிஃபில் எந்தத் தெருவில் என்பதை நான் கேட்கவில்லை.

பள்ளியிலிருந்து நீ கொண்டுவந்த மதிப்பெண் பட்டியல்களை எல்லாம் அப்பா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். உன் சம்பளத்துக்காகவா அவற்றை வைத்திருக்கிறார்? ஒரு வார்த்தை சொல்ல உனக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? உன் மனைவிக்குத் தெரியுமா, தெரியாதா? அவளிடம் மட்டும் மறைக்காதே; அவள் கெட்டிக்காரி, எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள். பணம் வேண்டுமென்றால் வைப்புத்தொகை அடுத்த மாதம் முதிர்கிறது, அதை மறுபடியும் போட வேண்டாம் என்று வங்கியில் சொல்லிவைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு நடக்கப் போய் ஏழரைக்குத்தான் திரும்புவார். அந்த நேரத்தில் அழைத்து என்னிடம் மட்டும் முதலில் பேசு. அவரிடம் எப்படிச் சொல்வது என்று பிறகு இருவரும் யோசிக்கலாம்.

இப்படிக்கு,
அன்புடன் அம்மா