வெட்டியவனின் வீட்டிலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவர்கள் அரிவாள் எடுத்த செய்தி வரும்போதெல்லாம், தங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு கருத்து தவறாமல் இடம்பெறுகிறது. பிள்ளையைப் பிடிப்பதற்கு முன் பெற்றவர்களைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும் என்பதே அது. அப்படி எழுதுகிறவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. அத்தகைய ஒரு பிள்ளையைப் பெற்றவள் என்ற முறையில், பெற்றோரின் பொறுப்பு எது, அதை நிறைவேற்ற இங்கே என்ன வழி இருக்கிறது என்பதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

என் மகனுக்கு அப்போது வயது 16. தன்னோடு படித்த ஒரு மாணவனைப் பள்ளி விட்டு வரும் வழியில் வெட்டினான். அந்தப் பிள்ளை உயிர் பிழைத்துக்கொண்டான். ஆனால் வலது மணிக்கட்டில் நரம்பும் தசைநாரும் அறுபட்டு, மதுரைப் பெரியாஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகும், விரல்கள் முன்போல் மடங்குவதில்லை என்று கேள்விப்படுகிறேன். இதைச் செய்தவன் என் மகன். சேர்க்கை சரியில்லை, யாரோ தூண்டிவிட்டார்கள் என்றெல்லாம் உறவினர்கள் சொல்கிறார்கள். அவற்றில் உண்மை இருந்தால் அது விசாரணையில் வெளிவரட்டும். நான் அவனைப் பற்றிப் பேசும்போது, அவன் செய்ததை முதலில் முழுதாகச் சொல்லிவிட்டு, அதன் பிறகே மற்றதைச் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறேன்.

போலீசார் கைப்பற்றிய பொருட்களின் மகஜரை வழக்கறிஞரின் அறையில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கைப்பிடி உடைந்த அரிவாள் ஒன்று, கறையுடன் கூடிய வெள்ளை நிற அரைக்கைச் சட்டை ஒன்று, அதில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் நீல நூலால் தைக்கப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்ததால் கையில் இருந்த நீல நூலைக் கோத்து அந்தப் பொத்தானைத் தைத்தவள் நான். அதன் பிறகு அந்தக் காகிதத்தில் வாசித்த எதுவும் என் காதில் விழவில்லை. அவனுக்குச் சோறு போட்டு, துணி துவைத்து, தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிட்ட ஒருத்திக்கு, அவன் கையில் அரிவாள் இருந்ததை எப்படி மனதில் ஏற்றுக்கொள்வது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. இரண்டும் ஒரே கை என்று மட்டும் தெரிகிறது.

இந்தப் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால், பேச்சு வார்த்தை இல்லாதவர்கள்கூடக் கேதம் கேட்க வந்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு வகையினர். முதல் வகையினர் பெரியவர்கள். அவன் என் பிள்ளையே இல்லை என்று தலைமுழுகிவிடச் சொன்னார்கள். கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனின் நாடு இது என்று ஓர் ஐயா நினைவூட்டினார். அந்தக் கதையில் இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் சேர்த்தே எழுப்பித் தருகிறான். எங்கள் விஷயத்தில் நான் மகனைத் தலைமுழுகுவதால் அந்தப் பிள்ளையின் விரல்களில் ஒன்றுகூட மடங்கப் போவதில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டேன்.

இரண்டாம் வகையினரைப் பற்றித்தான் ஊர் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் இரவில் வந்த இளைஞர்கள். என் மகன் 'நம்ம ஆளுங்க' மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகவும், ஜாமீனுக்கு ஆகும் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகவும், அவன் வெளியே வரும் நாளில் பிளெக்ஸ் வைக்கப்போவதாகவும் சொன்னார்கள். தலைமுழுகச் சொன்னவர்களின் முன்னால் அழுதேன். இவர்களைப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்தது. என் பிள்ளை செய்ததை ஒரு சாதனையாக எண்ணுகிறவர்கள் தெருவில் நடமாடுகிறார்கள், நாளை அவன் திரும்பி வரும்போது அவர்கள்தான் அவனை முதலில் வரவேற்பார்கள் என்ற பயம் அது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே தம் சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு, மாணவர்கள் சாதியைக் காட்ட மணிக்கட்டில் கட்டும் நிறக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அதைப் படித்துவிட்டுப் பலர், கயிற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். என் மகனும் கட்டியிருந்தான். கேட்டதற்குக் கோயில் கயிறு என்றான். கயிறு யாரையும் வெட்டுவதில்லைதான். அதைக் கட்டிவிடுகிற கைகள் எவை என்று பார்க்க வேண்டும், அவைதான் அந்த இரவில் என் வீட்டு வாசலில் பணத்தோடு நின்றன. பணத்தை வாங்காமல் அனுப்பினேன். அன்று முதல் அவர்கள் வீட்டுப் பெண்களும் என்னோடு பேசுவதில்லை.

செய்தித்தாள்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவில், குற்றச்சாட்டுக்கு உள்ளான சிறாரின் பெயரை மட்டுமன்றி, முகவரி, பள்ளி, அடையாளம் காண உதவும் வேறு எந்த விவரத்தையும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. பாதிக்கப்பட்ட சிறாருக்கும் சாட்சி சொல்லும் சிறாருக்கும் அதே பாதுகாப்பைத் தருகிறது. ஒரு நாளிதழ் பெயரை விட்டுவிட்டு, ஊரையும், தந்தை மலேசியாவில் வேலை பார்ப்பதையும், வீடு எந்தக் கோயிலுக்குப் பின்னால் என்பதையும் எழுதியது. பாதி வீடுகள் பூட்டிக்கிடந்து, கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படுகிற செட்டிநாட்டு ஊர்களில், மீதமிருந்து வாழ்கிற சில நூறு பேருக்கு இதற்குமேல் என்ன அடையாளம் வேண்டும்? இதில் எனக்கு நேர்ந்ததை நான் பெரிதாக எண்ணவில்லை. காயம்பட்ட பிள்ளையின் கட்டுப்போட்ட படத்தை அதே செய்தியில் அச்சிட்டிருந்தார்கள். தன் பிள்ளையின் அந்தக் கோலத்தைக் கைப்பேசியில் ஊரே பகிர்ந்துகொள்வதை அந்தத் தாய் பார்க்க வேண்டியிருந்தது.

பெற்றோரைத் தண்டிக்கும் வழக்கம் வெளிநாட்டில் உண்டு என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். உண்மை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2021 நவம்பரில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் தன் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக்கொன்றான். 2024-இல் அவன் தாய், தந்தை இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. துப்பாக்கியை வாங்கியவர் தந்தை. அவன் வரைந்திருந்த படத்தைக் கண்டு அஞ்சிய பள்ளி, அன்று காலையிலேயே இருவரையும் வரவழைத்துப் பேசியும், அவர்கள் அவனை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. அப்படித் தெளிவாகத் தெரிந்திருந்தும் கைவிட்டவர்களைச் சட்டம் கேள்வி கேட்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் இருப்பது வேறு. முகம் கொடுத்துப் பேசாதது, சோற்றுத் தட்டைத் தனியே எடுத்துப் போவது, புதிய நண்பர்களின் வண்டிச் சத்தம் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் அறிகுறிகளாகத் தெரிகின்றன. அதற்கு முன் அவை பதினாறு வயதுப் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் இருப்பவைதான்.

அதே நாட்டில் 1999-இல் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் அன்றே கொன்று, தாங்களும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவனின் தாய் சூ கிளிபோல்ட், தன் மகன் இறந்த துக்கத்துக்கு நடுவிலேயே, கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்குத் தம் கைப்படக் கடிதம் எழுதினார். இதை அறிந்த நாள் முதல் நான் கேட்டுவரும் கேள்வி, எங்கள் மாவட்டத்தில் ஒரு தாய் அப்படி எழுத முடியுமா என்பதே.

முடியாது என்றுதான் இதுவரை எல்லோரும் சொல்கிறார்கள். மன்னிப்புக் கேட்டால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வழக்கறிஞர் எச்சரிக்கிறார். அந்த வீட்டுப் படியேறினால், பணம் கொடுத்து வழக்கைப் பேசி முடிக்க வந்திருக்கிறாள் என்றுதான் ஊர் நினைக்கும். அந்த வீட்டாருக்கும் அப்படித் தோன்றினால் அதில் தவறில்லை. ஒரு நாள் காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் அவர்களைப் பார்த்தேன். தாய் ஆரஞ்சுச் சுளையை உரித்து, கொட்டையை எடுத்துவிட்டு, தோளுக்கு வளர்ந்த மகனின் வாயில் வைத்தார். அவன் இடது கையால் வாங்கிக்கொள்ளப் பார்த்தான், அவர் விடவில்லை. பேருந்து வந்து அவர்கள் ஏறும்வரை அவர்கள் கண்ணில் படாத இடத்தில் நின்றிருந்தேன்.

மகனை முதன்முதலாக, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தியதும், 15 நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை தரச் சொல்லி நன்னடத்தை அலுவலருக்கு உத்தரவு போகிறது. அவர் வீட்டுக்கு வந்தார். அவன் படிப்பு, நண்பர்கள், போதைப் பழக்கம், வீட்டில் அடி உதை உண்டா என்பது வரை பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் செய்தது நல்ல பணி. ஆனால் அந்த அறிக்கைக்காகக் காயம்பட்ட வீட்டில், உங்களுக்கு என்ன வேண்டும், இவர்களிடம் எதையாவது கேட்க விரும்புகிறீர்களா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. சட்டத்தின் 18-ஆம் பிரிவு, பிள்ளையோடு பெற்றோருக்கும் ஆற்றுப்படுத்தல் (கவுன்சலிங்) தரலாம், சமூகப் பணி செய்ய வைக்கலாம், பெற்றோரையே அபராதம் கட்டச் சொல்லலாம், சிறப்பு இல்லத்துக்கு மூன்று ஆண்டுகள் வரை அனுப்பலாம் என்கிறது. இவை எல்லாம் எங்களுக்கும் குழுமத்துக்கும் இடையில் நடப்பவை. நாங்கள் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோமோ அவர்கள் இதில் எங்கும் இல்லை.

நியூசிலாந்தில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குற்றம் செய்த சிறாரும் அவர் குடும்பமும் அதிகாரி முன்னிலையில் அமரும் கூட்டத்தில், பாதிக்கப்பட்டவரும் விரும்பினால் கலந்துகொள்ளலாம். அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. நம் ஊரில் இருதரப்பையும் உட்கார வைப்பது என்றால் அது கட்டப் பஞ்சாயத்தாக மாறிவிடும், இளைத்த தரப்பின் வாயை அடைத்துவிடும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. நான் கேட்பது சிறியது. வழக்கில் சாட்சியமாகவோ தண்டனைக் குறைப்புக்கான காரணமாகவோ கொள்ளப்படாது என்ற உறுதியோடு, பெற்றோர் எழுதும் கடிதம் ஒன்றை நன்னடத்தை அலுவலரோ மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவோ பெற்று வைத்திருக்கலாம். பாதிக்கப்பட்ட குடும்பம் கேட்டால் மட்டும், கேட்கும்போது மட்டும் கொடுக்கலாம். பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுக்கு அந்தக் குடும்பமே அலைந்து மனுப் போடும் நிலை இல்லாமல், ஆணைக்குழுவே அவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பலாம். எங்களால் இயன்ற தொகையை எங்கள் பெயர் தெரியாதவாறு அந்தப் பிள்ளையின் கைப் பயிற்சிக்குச் செலுத்தவும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

மகனைக் கூர்நோக்கு இல்லத்தில் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் கையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லி வந்தேன். முதலில், அவன்தான் முதலில் வம்புக்கு வந்தான் என்று வாதாடினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். அண்மையில், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, "அவன் பரீட்சைக்கு எந்தக் கையால எழுதுறான்மா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியை அந்த வீட்டாரிடம் கொண்டுசேர்க்கலாமா, அது அவர்களை மேலும் நோகடிக்குமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்களிடம் கேட்பதற்குத்தான் முறையான ஒரு வழி வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அதற்குக் கட்டுப்படுவோம்.

மேற்சொன்ன கோரிக்கையைச் சிவகங்கை மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் எழுத்து மூலமாக அனுப்பியிருக்கிறேன். இதே நிலையில் உள்ள பிற பெற்றோரும், பாதிக்கப்பட்ட குடும்பத்தினரும் இதில் தமக்குள்ள உடன்பாட்டையும் மறுப்பையும் தங்கள் பகுதியில் எழுத இடம் தருமாறு வேண்டுகிறேன். குறிப்பாக, பாதிக்கப்பட்டவர்கள் இந்த ஏற்பாடே தவறு என்று கருதினால், அதை முதலில் அச்சிட வேண்டுகிறேன். இரண்டு பிள்ளைகளின் அடையாளமும் வெளிப்படக் கூடாது என்பதால் என் பெயரையும் ஊரையும் தவிர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
காரைக்குடி வட்டாரம்.