கீரை விக்கிற கேட்டை ஏன் மூடணும்?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

எங்க தெருவுக்கு எதிர்ல ஒரு யூனிவர்சிட்டி, பேரு வேணாம். ஹாஸ்டலுக்குப் பின்னாடி சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த இடத்தை பசங்களும் பொண்ணுங்களும் சுத்தம் பண்ணி, பாத்தி கட்டி, கீரை வெண்டை கத்திரின்னு போட்டு சாயங்காலம் சைடு கேட்ல வச்சு வித்துட்டு இருந்தாங்க, ரெண்டு வாரமா அந்த கேட்டை பூட்டிட்டாங்க. எங்க குடியிருப்போர் சங்கத்துல இருந்துதான் கம்ப்ளைண்ட் போச்சாம், எரு நாத்தம், கொசு, வெளியாள் நடமாட்டம்னு.

நானும் அந்த சங்கத்துல மெம்பர்தான், அதனால உள்ளதை சொல்லிடறேன். நாத்தம் இருந்தது மூணு நாள், மக்காத சாணியை அப்படியே கொண்டுவந்து கொட்டிட்டாங்க, அங்க இருக்க தோட்டக்காரர் சொல்லி மண்ணு போட்டு மூடி மக்க விட்டாங்க, சரியாப் போச்சு. கொசு எங்க தெரு சாக்கடை கொசு. மீட்டிங்ல நெஜமா வந்த பேச்சே வேற, "லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டி படிக்க அனுப்புனா களை புடுங்கிட்டு நிக்குதுங்க"ன்னு. படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போவேன்னு திட்டியே புள்ள வளர்த்த கூட்டம் நாம, வேற எப்படி பேசுவோம்.

இவங்களை விட நியாயமா சண்டைக்கு வந்தது கேட்டுக்கு வெளிய கூடை வச்சிருக்க கீரைக்காரம்மா. பசங்க கட்டு பத்து ரூபாய்க்கு குடுத்தா எங்கிட்ட யாரு வாங்குவான்னு கேட்டாங்க, பதிலே இல்ல. அதுக்கப்புறம் கீரை மொத்தத்தையும் அந்தம்மாகிட்டயே குடுத்து, காய் மட்டும் பசங்க விக்கிறதுன்னு பேசி முடிச்சாங்க, காய் விலையும் உழவர் சந்தை போர்டை பார்த்துதான். இந்த அறிவு எங்க சங்கத்துக்கு இல்ல.

தண்ணி விஷயத்துல மட்டும் ஜனங்க பயப்படறது சரிதான். சாக்கடைத் தண்ணில கீரை வளர்க்கறதை பார்த்த ஊர்க்காரங்க, கேக்கத்தான் செய்வாங்க. போர் தண்ணின்னு வாயால சொன்னா பத்தாது தம்பிகளா, டெஸ்ட் பண்ணி ரிசல்ட்டை கேட்லயே ஒட்டுங்க.

கனடால வான்கூவர்ல பிரிட்டிஷ் கொலம்பியா யூனிவர்சிட்டிக்குள்ள 24 ஹெக்டேர்ல பண்ணை இருக்கு. பின்னாடி வீடு கட்டிக்கலாம்னு ஒதுக்கி வச்ச இடம் அது, 2009 ஏப்ரல்ல மாணவர்களும் அக்கம்பக்கத்து ஜனங்களும் சேர்ந்து பேரணி போய் பண்ணையாவே காப்பாத்திட்டாங்க. சீசன்ல சனிக்கிழமை அங்க சந்தை, ஊர்க்காரங்க பையோட உள்ளயே போய் வாங்கலாம். நாம என்னடான்னா கம்ப்ளைண்ட் எழுதறோம்.

நிர்வாகத்துக்கு சொல்றது ஒண்ணுதான், செவ்வாய் வெள்ளி ரெண்டு நாள், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் அந்த கேட்டை திறங்க, ஒரு செக்யூரிட்டியை வேணா நிறுத்துங்க. சீக்கிரம் செஞ்சா நல்லது, சிறுகீரை 25 நாள்ல அறுத்தாகணும். போன வாரமே ஒரு பாத்தி முத்தி பூ வந்து மாட்டுக்குத்தான் போச்சுன்னு கீரைக்காரம்மா சொல்லி வருத்தப்பட்டாங்க.

இப்படிக்கு,
எதிர் தெரு வாசகர்