அண்டா தந்தவர்களுக்கும் அடுப்படியில் நின்றவர்களுக்கும்

பெத்லகேம், பென்சில்வேனியா
2025 ஜனவரி 2

எல்லோருக்கும் வணக்கம். ஊர்க்காரர்களுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் விருந்துக்கும் கை கொடுத்தவர்களுக்கு ஆலயத்தின் ஞாயிறு அறிவிப்புத் தாளில் ஆங்கிலத்தில் நன்றி சொல்லியாகிவிட்டது. நான்கு வரிதான் இடம் கொடுத்தார்கள். நாற்பது பேர் பட்ட பாட்டை நான்கு வரிக்குள் அடக்கினால் 'அனைவருக்கும் நன்றி' என்றுதான் எழுத வரும். அது யாருக்குமே சொல்லாததற்குச் சமம். உதவியவர்களில் பாதிப்பேர் தமிழர்கள். அவர்களில் பலர் அதற்கு முன் எங்கள் எபிஸ்கோப்பல் ஆலயத்துக்குள் கால் வைத்ததே இல்லை. எந்தக் காரியத்துக்குக் கை கொடுத்தோம் என்று அவர்களுக்காவது முழுதாகத் தெரிய வேண்டும் என்றுதான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவர்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களைப் போட்டால் அந்த இரண்டு பேர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே யார் பெயரும் இல்லை. அவரவர் அவரவரைக் கண்டுகொள்ளுங்கள்.

நான் பிறந்தது தூத்துக்குடி மாவட்டம் நாசரேத். இங்கே அதைச் சொன்னால் பக்கத்து ஊரைச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். பெத்லகேமிலிருந்து வடக்கே அரைமணி நேரத்துக்குள் இங்கேயும் ஒரு நாசரேத் இருக்கிறது. மார்ட்டின் கிட்டார் செய்யும் தொழிற்சாலை அங்கேதான். 1741இல் மொரேவியர்கள் என்ற புராட்டஸ்டண்ட் சபையினர் இந்தப் பகுதியில் குடியேறி, அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் தங்கள் குடியிருப்புக்குப் பெத்லகேம் என்று பெயர் வைத்தார்கள். எபிஸ்கோப்பல் திருச்சபையில் எங்கள் திருமண்டலமும் அந்தப் பெயரைத் தாங்கி வந்ததுதான். எபிஸ்கோப்பல் என்றதும் ஏதோ புதுச் சபை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கா விடுதலை பெற்ற பிறகு இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்து தனியே நின்ற ஆங்கிலிக்கன் சபை. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது நம் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைகளும் அதில் சேர்ந்தன அல்லவா? ஆக, எனக்கு இது சித்தப்பா வீடு. ஆனாலும் பதினோரு ஆண்டுகள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, காப்பி குடித்து, விருந்தாளியாகவே வந்துபோய்க்கொண்டிருந்தேன்.

முதல் நன்றி, அந்த வரிசையிலிருந்து என்னை எழுப்பியவருக்கு. எங்கள் ஊரில் ஐயரம்மா என்றால் ஐயருடைய, அதாவது குருவானவருடைய, மனைவி. இங்கே ஐயரே அம்மாதான். பெண்கள் குருவானவராக எபிஸ்கோப்பல் திருச்சபை 1976இல் வழி திறந்தது. தென்னிந்தியத் திருச்சபையிலும் பெண் குருவானவர்கள் உண்டு. நான் வளர்ந்த காலத்தில் எங்கள் சேகரத்தில் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த ஐயரம்மா என்னிடம் வந்து, "உங்களுக்கு இஸ்திரி போட வருமா?" என்று கேட்டார். ஆல்டர் கில்டு என்று ஒரு குழு உண்டு. பீடத்தின் துணி, பாத்திரம், மெழுகுவர்த்தி எல்லாம் அவர்கள் பொறுப்பு. பதினோரு ஆண்டுகளில் எத்தனையோ பேர் என்னிடம் அன்பாகப் பேசியிருக்கிறார்கள். வேலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அந்தக் குழுவின் மூத்தவருக்கு எண்பத்திரண்டு வயது. திருவிருந்தில் கிண்ணத்தைத் துடைக்கும் வெள்ளைத் துணியை மடிப்பதற்கு எனக்கு மூன்று சனிக்கிழமை பாடம் எடுத்தார். நீளத்தில் மூன்று, அகலத்தில் மூன்று, பிரித்தால் ஒன்பது கட்டம், நடுக்கட்டத்தில் சிலுவைத் தையல் நேராக விழ வேண்டும். என் முதல் துணியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. உதறிப்போட்டு மறுபடி தண்ணீர் தெளித்தார். துணியை அலசிய முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும். உதட்டுச்சாயக் கறைக்கு ஒரு வைத்தியம், திராட்சரசக் கறைக்கு வேறு. மெழுகு சிந்தினால் ஐஸ் கட்டி வைத்துச் சுரண்டி, பழுப்புக் காகிதத்தை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒற்றி எடுப்பது. அம்மா, உங்கள் கண்டிப்புக்கு நன்றி. என் மாமியாரிடம்கூட இவ்வளவு பொறுமையாக நான் எதையும் கற்றதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரமான திருவருகைக் காலம் டிசம்பர் 1இல் தொடங்கியது. நம் ஊரில் டிசம்பர் பிறந்தாலே பஜனை கிளம்பிவிடும். கேரல் பாட்டு இல்லாமல் ஓர் இரவு போகாது. இங்கே நேர்மாறு. கடைவீதியெல்லாம் நவம்பரிலிருந்தே பாட்டு அலறுகிறது. ஆலயத்துக்குள் மட்டும் இருபத்துநான்காம் தேதி மாலை வரை ஒரு பிறப்புப் பாட்டும் கிடையாது. 'உன்னதத்தில் மகிமை' என்ற துதிப்பாட்டையும் அந்த நான்கு வாரம் பாடுவதில்லை. வந்த புதிதில் இதென்ன துக்க வீடா என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். பாடகர் குழுவினரே, இந்த ஆண்டு உங்கள் ஒத்திகைக்குக் கதவு திறந்துவிடும் வேலையும் என்னுடையதாக இருந்ததால், அடக்கிவைத்த பாட்டை நீங்கள் எப்படிப் பழகுகிறீர்கள் என்று பார்த்தேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.

அந்த நான்கு ஞாயிறும் வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றுவோம். இரண்டாம் ஞாயிறு, ஏற்றுபவன் ஊதா மெழுகுவர்த்தியை விட்டுவிட்டு மூன்றாம் வாரத்து ரோஜா நிறத்தை ஏற்றிவிட்டான். சபை மொத்தமும் பார்த்தும் பார்க்காதது போல இருந்தது. அதற்கும் நன்றி, அவன் என் மகன்.

மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தின இரவு பாய்லர் நின்றது. கூப்பிட்ட நிறுவனம் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் ஆள் வரும் என்று சொல்லிவிட்டது. ரோஜா நிற மெழுகுவர்த்தி ஏற்றும் ஞாயிறு என்றால் மகிழ்ச்சியின் ஞாயிறு. நாங்கள் கம்பளிக் கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்திருந்தோம். அன்றைய சுவிசேஷம் லூக்கா 3: யோவான்ஸ்நானகன் ஜனங்களை விரியன்பாம்புக் குட்டிகள் என்று வைகிற இடம். இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்ற வரி வந்தபோது, பக்கத்தில் இருந்தவர் தன் இரண்டாவது சால்வையைச் சத்தமில்லாமல் என் மடியில் வைத்தார். அவியாத அக்கினி என்று வாசித்தபோது சபை சிரித்துவிட்டது. ஐயரம்மாவும் சிரித்தார்.

அந்தப் பாய்லரை ஓட வைத்தவர் பெத்லகேம் ஸ்டீல் ஆலையில் வேலை பார்த்தவர். 1995இல் அந்த உலைகள் அணைந்தபோது வீட்டுக்கு வந்தவர். அந்த ஆலை இப்போது வேடிக்கை பார்க்கும் இடமாகிவிட்டது. அவர் கை மட்டும் மறக்கவில்லை. பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து, இரண்டு மாலை நிலவறையில் படுத்துக் கிடந்தார். தண்ணீரைச் சுற்றவிடும் பம்பைக் கழற்றிச் செய்தித்தாளில் துண்டு துண்டாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் துடைத்து, தேய்ந்துபோன ஒரே ஒரு வளையத்தைக் கண்டுபிடித்து எனக்குக் காட்டினார். மோதிர விரலில் போடும் அளவுதான் இருந்தது. செவ்வாய் இரவு ஒன்பது மணிக்கு ரேடியேட்டர் குழாய்கள் டக் டக்கென்று தட்டத் தொடங்கின. நன்றி சொன்னேன். "தேநீர் ஆறிவிட்டது" என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டு நாளும் ஒத்திகைக்குத் தங்கள் கூடத்தைக் கொடுத்த பக்கத்து லூத்தரன் சபைக்கும் நன்றி. 2001 முதல் நம் இரு சபையும் ஒரே திருவிருந்தில் பந்தி பகிர்பவர்கள். இந்த முறை சூட்டையும் பகிர்ந்துகொண்டோம்.

நான்காம் ஞாயிறன்று முதல் வேதபாடத்தை நான் வாசித்தேன். மீகா தீர்க்கதரிசி, சின்னஞ்சிறு பெத்லகேமைப் பார்த்துப் பேசுகிற பகுதி. நாசரேத்துக்காரி பெத்லகேமில் நின்று அதை வாசிக்கட்டும் என்று பட்டியல் போட்டவருக்குக் குறும்பு அதிகம். ஆராதனை முடிந்ததும் ஏணியைப் போட்டு ஆலயத்துக்குப் பச்சை கட்டினோம். தன் தோட்டத்துப் பைன் கிளைகளை ஒரு டிரக் நிறையக் கொண்டுவந்த விவசாயிக்கு நன்றி. அந்தப் பிசின் என் கையிலிருந்து போக மூன்று நாள் ஆனது. எண்ணெய் போட்டுத் தேய்த்தால் போகும் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

இனி அண்டா விஷயம். இருபத்துநான்காம் தேதி மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகளின் நாடகத்தோடு ஓர் ஆராதனை, இரவு பத்தரைக்கு இன்னொன்று. நடுவே தனியாக இருப்பவர்கள் எங்கே போவார்கள்? கடையெல்லாம் பூட்டியிருக்கும். நான் வாய் தவறி, "எங்கள் ஊரில் அசனம் வைப்போம்" என்று சொல்லிவிட்டேன். ஆலயப் பண்டிகையில் சபை முழுக்கச் சேர்ந்து ஆக்கி, வருகிற எல்லோருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு. அந்தப் பந்தியிலும் யார் பக்கத்தில் யார் என்று கணக்குப் பார்த்தவர்கள் ஊரில் உண்டு. அதை மறைத்து அழகாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அண்டாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஐயரம்மா உடனே, "செய்யலாம்" என்று சொல்லிவிட்டார். அறுபது பேருக்கு மேல் சமைத்து எனக்குப் பழக்கமில்லை. அறுபது என்ன, இருபதுக்கே கை நடுங்கும்.

மேலப்பாளையத்து அண்ணன் இல்லாவிட்டால் அன்று எல்லோரும் ரொட்டிதான் தின்றிருப்போம். வார நாளில் கணினி முன்னால் உட்காருபவர். கல்யாண வீட்டு அடுப்பைப் பார்த்து வளர்ந்தவர். பத்துக் கிலோ அரிசி, பதினைந்து கிலோ கோழி, ஆறு கிலோ வெங்காயம் என்று கணக்குப் போட்டவர் அவர். கோழியை அவரே வாங்கி வந்தார். ஆலயக் கூடத்து அடுப்பில் அண்டாவை ஏற்றினால் அதன் அடி இரண்டு பர்னரையும் மூடிக்கொண்டு, நடுவில் கொதிக்காமல் இரண்டு பக்கம் மட்டும் கொதித்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கால் வட்டம் திருப்பச் சொன்னார். துணியைச் சுற்றிக்கொண்டு நானும் அவர் மனைவியும் திருப்பினோம். குழம்பை அவர் வாயில் வைத்துப் பார்க்கவே இல்லை. ஆவியில் முகத்தைக் காட்டிவிட்டு, "உப்பு இன்னும் ஒரு கை" என்றார். சரியாக இருந்தது.

கும்பகோணத்து அக்காவுக்கு அது மார்கழி மாதம். விடியற்காலையில் எழுந்து தன் வீட்டுப் பூஜையை முடித்துவிட்டு எட்டு மணிக்கே வந்துவிட்டார். வாசலில் பனி, ஆகவே கூடத்துத் தரையில் அரிசி மாவால் புள்ளி வைத்து ஒரு நட்சத்திரக் கோலம் போட்டார். பல முனை கொண்ட மொரேவிய நட்சத்திர விளக்கு தொங்கும் ஊர் இது. அவர் அதைப் பார்த்துப் போடவில்லை, ஆனால் வந்தவர்கள் எல்லோரும் அதுதான் என்று நினைத்தார்கள். திருத்தவேண்டாம் என்று என்னைக் கண்ணால் அடக்கினார். பிறகு உட்கார்ந்து ஆறு கிலோ வெங்காயத்தையும் உரித்தது அவர்தான். தன் வீட்டில் மார்கழி முழுக்க வெங்காயம் சேர்ப்பதில்லை என்று கடைசி வெங்காயத்தை உரித்த பிறகுதான் சொன்னார்.

நியூஜெர்சியில் இருக்கும் எடிசன் வரை காரோட்டிப் போய் உறைந்த வாழையிலை, கறிவேப்பிலை வாங்கி வந்த தம்பதிக்கு நன்றி. இலையைச் சதுரமாக நறுக்கிக் காகிதத் தட்டில் வைத்தோம். ஆளுக்கொரு முழு இலை போட நம் கைக்காசு போதாது. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் செய்து அனுப்பிய மதினிக்கு நன்றி. வீட்டு ஹாம் கொண்டுவந்தவர்கள், சர்க்கரைக் கேக் கொண்டுவந்தவர்கள், நாற்காலி போட்டவர்கள், எடுத்தவர்கள், வாசலில் மூன்று முறை பனி வாரியவர், எல்லோருக்கும்.

அறுபது பேர் என்று நினைத்தோம். தொண்ணூற்றுநான்கு பேர் வந்தார்கள். ஊருக்குப் போக முடியாத மாணவர்கள், பணி முடிந்து அப்படியே வந்த ஒரு நர்ஸ், வாரநாளில் நிலவறையில் கூடும் குடிமறப்புக் குழுவினர். ஒரு முதியவர் ரசத்தைக் காப்பிக் கோப்பையில் வாங்கினார். இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு குடித்தார். தீர்ந்த பிறகும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை, சூடு போகும்வரை வைத்திருந்தார். இரண்டாவது முறை ஊற்றப் போனபோது, இது என்ன சூப் என்று கேட்டார். விளக்கிச் சொல்ல எனக்கு நேரமில்லை. மருந்து என்றேன்.

நாடகத்தைப் பற்றி ஒன்று. மூன்று ராஜாக்களில் வெள்ளைப்போளம் கொண்டுவருபவனுக்குப் பெட்டி கிடைக்கவில்லை என்று கடைசி நேரத்தில் என்னிடம் ஓடி வந்தார்கள். சமையலறையில் கைக்கு வந்த எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்துவிட்டேன். பெருங்காய டப்பா. குழந்தை இயேசுவின் முன் மண்டியிட்டு அவன் மூடியைத் திறந்தான். மூன்றாவது வரிசை வரை மணம் எட்டியது. மரியாள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைப்போளமும் மரத்துப் பிசின்தான், பெருங்காயமும் ஒரு செடியின் பிசின்தான், பெரிய தவறில்லை என்று ஐயரம்மா பிறகு சமாதானம் சொன்னார். உடை தைத்த அம்மாக்களுக்கும், அழுத ஆட்டுக்குட்டியைத் தூக்கி வைத்திருந்த மேய்ப்பனின் அப்பாவுக்கும் நன்றி.

பத்தரை மணி ஆராதனைக்கு நான் மசாலா மணத்தோடுதான் போனேன். நான்கு வாரம் மூடிவைத்த 'உன்னதத்தில் மகிமை' தொடங்கியதும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மணியை அடித்தார்கள். ஒரு பையன் சைக்கிள் மணியைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தான். நான் கடைசி வரிசையில் உட்காரவில்லை; பீடத்துக்குப் பக்கத்து அறையில், மறுநாள் காலைக்கு வேண்டிய துணியை எண்ணிக்கொண்டு நின்று கேட்டேன்.

பாத்திரங்கள் இன்னும் கூடத்துச் சமையலறையில் இருக்கின்றன. ஜனவரி 6க்குள் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அந்த அலமாரி வேறு காரியத்துக்கு வேண்டும். மூடியில்லாத குக்கர் ஒன்று, கரண்டி ஏழு, பச்சை மூடிச் சம்புடம் இரண்டு. பெரிய பித்தளை அண்டா யாருடையது என்று மட்டும் தெரியவில்லை. கேட்ட எல்லோரும் தங்களுடையது இல்லை என்கிறார்கள். வாய்க்கு அடியில் 'பொ. ஞா.' என்று பெயர் வெட்டியிருக்கிறது. புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறேன்.