ஹைடல்பெர்க் பெண்

மான்ஹைம், மார்ச் மாதம்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்குப் பத்தியச் சமையல், பேரனைக் குளிப்பாட்டித் தூங்கவைப்பது என்று பொழுது ஓடிவிடுகிறது. கோபித்துக்கொள்ளாதே. இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஹைடல்பெர்க் கோட்டைக்குக் கூட்டிப்போனார். மலைமேல் சிவப்புக் கல்லில் கட்டிய அரண்மனை, பாதிக்குக் கூரையே இல்லை. ஒரு கோபுரத்தை வெடிமருந்து வைத்துப் பிளந்திருக்கிறார்கள். பெயர்ந்த பாகம் பொடியாகாமல், உடைத்த தேங்காயின் ஒரு மூடி மாதிரி, அப்படியே அகழியில் சரிந்து கிடக்கிறது. யார் செய்த வேலை என்று கேட்கப்போய்த்தான் லீஸெலோட்டெயின் கதை கிடைத்தது. அன்றிலிருந்து அவள் நினைப்பாகவே இருக்கிறேன்.

1652இல் அந்த அரண்மனையில் பிறந்தவள். ஃபால்ஸ் நாட்டை ஆண்ட கார்ல் லூட்விக்கின் மகள். அப்பா அம்மாவை ஒதுக்கிவிட்டு அரண்மனைப் பணிப்பெண் ஒருத்தியை மணந்து, அவளோடு பதின்மூன்று பிள்ளைகள் பெற்றார். இந்த ரகளைக்கு நடுவே ஏழு வயதுப் பெண்ணை ஹனோவரில் இருந்த அத்தை சோஃபியிடம் அனுப்பிவிட்டார்கள். நான்கு வருடம் அங்கே வளர்ந்தாள். கடைசிவரை அவளுக்கு அம்மா என்றால் அந்த அத்தைதான்.

பத்தொன்பது வயதில் கல்யாணம். மாப்பிள்ளை பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயியின் தம்பி பிலிப், மனைவியை இழந்தவர். பெண் மதம் மாறி, கத்தோலிக்கராகித்தான் போகவேண்டியிருந்தது. பிலிப்புக்கோ பெண்கள்மேல் நாட்டமே கிடையாது. ஆண் தோழர்களும் நகைகளும்தான் அவர் உலகம். தூக்கத்தில் கை கால் பட்டால் அவருக்கு ஆகாதாம். கட்டில் ஓரத்திலேயே படுத்து, எத்தனையோ தடவை மூட்டை மாதிரி கீழே விழுந்தேன் என்று இவளே எழுதியிருக்கிறாள்! மூன்று பிள்ளைகள் பிறந்தபின் தனித்தனியே படுக்கலாம் என்று அவர் சொன்னபோது இவளுக்கு நிம்மதி. மூத்தவன் மூன்று வயது நிறையுமுன் போய்விட்டான். இரண்டாமவன் பின்னாளில் பிரான்ஸையே ஆண்டான், சிறுவனான பதினைந்தாம் லூயிக்குப் பதிலாக. மகளின் பேத்திதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த மேரி அன்டாய்னெட்.

சரி, கோபுரத்துக்கு வருகிறேன். 1685இல் லீஸெலோட்டெயின் அண்ணன் வாரிசில்லாமல் இறந்தான். உடனே லூயி, "என் தம்பி மனைவிக்குப் பிறந்த வீட்டில் பங்கு உண்டு" என்று கிளம்பிவிட்டார். இவள் கேட்கவே இல்லை. கல்யாணத்தின்போதே நிலத்தில் உரிமை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். இருந்தாலும் 1689இல் பிரெஞ்சுப் படை ஹைடல்பெர்க்கைக் கொளுத்தியது. அவள் அப்பா பார்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டிய இந்த மான்ஹைமைத் தரைமட்டமாக்கியது. 1693இல் மறுபடி வந்து கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். எல்லாம் இவள் பெயரைச் சொல்லி. அதைச் செய்த மச்சினனோடுதான் இவள் வெர்சாய் அரண்மனையில் தினமும் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். கண்ணை மூடினால் ஹைடல்பெர்க் தெரிகிறது, திடுக்கிட்டு எழுந்தால் இரண்டு மணி நேரம் தூக்கமில்லை என்று அத்தைக்கு எழுதினாள். பங்கு கேட்டுச் சண்டை போட்ட பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். கேட்காத பங்குக்காகப் பிறந்த ஊரையே கொளுத்தியதை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

அவளிடமிருந்த ஒரே ஆயுதம் பேனாதான். ஆயிரக்கணக்கில் கடிதங்கள், பெரும்பாலும் ஜெர்மனில். 1709 குளிர்காலத்தில் எழுதியது ஒன்று: அடுப்பு கொழுந்துவிட்டு எரிகிறது, கழுத்தில் ரோமத் துணி, கால் கரடித்தோல் பைக்குள்; அப்படியும் நடுங்குகிறது, பேனா பிடிக்க முடியவில்லை, ஒயின் புட்டியிலேயே உறைகிறது. நானும் இங்கே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், போ. டீ, காபி, சாக்லேட் எதுவும் அவளுக்குப் பிடிக்காது; பீர் சூப்பும் புளித்த முட்டைக்கோசும் வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஹைடல்பெர்க் மலையில் ரொட்டியோடு செர்ரிப் பழம் தின்றதை வயதான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் போனவள் 1722இல் சாகும்வரை அந்த மலையைத் திரும்பப் பார்க்கவில்லை.

அவள் கடிதங்களை ராஜாவின் ஆட்கள் பிரித்துப் படிப்பார்கள். அது தெரிந்தும், ராஜா ரகசியமாக மணந்த மேடம் தெ மேன்ட்னோனைக் கண்டபடி திட்டி எழுதுவாள். 1701இல் கணவர் இறந்த கையோடு, அந்த அம்மாள் நேரில் வந்து, இவள் எழுதிய கடிதத்தையே எடுத்து நீட்டினாள். அழுது மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. அப்புறமும் திட்டுவதை விடவில்லை என்பது வேறு விஷயம்.

உன் வீட்டிலும் தபாலை முதலில் பிரிப்பவர் உன் வீட்டுக்காரர்தானே? அண்ணா, நமஸ்காரம். நீங்கள் கொடுத்தனுப்பிய மூட்டுவலித் தைலம் தீர்ந்துவிட்டது. நான் வருவதற்குள் ஒரு புட்டி வாங்கி வையுங்கள்.

உன்,
விசாலம்