முதலில் சிட்டை எழுது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஆச்சிக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை.

கதை நோட்டை மூடி வைத்துவிட்டேன், எழுத ஒன்றும் தோன்றவில்லை என்று போனில் சொன்னாய். ராத்திரி நோட்டைத் திறந்தால் கொட்டாவிதான் வருகிறது என்றாய். வராமல் என்ன செய்யும்? ஆபீஸ் முடித்து வந்து, முதல் வரியே அச்சுக்குப் போகிற மாதிரி விழ வேண்டும் என்று உட்கார்ந்தால் யாருக்குத்தான் ஓடும்?

எனக்குக் கதை எழுதத் தெரியாது. பாவூர்சத்திரம் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவன். ஆனால் மூடை இறங்க இறங்க நாங்கள் சிட்டையில், அதாவது கைக்குறிப்பு நோட்டில்தான் கிறுக்குவோம். ஆள், காய், எடை, விலை, அவ்வளவுதான். அடித்தல் திருத்தல் இருக்கும், தக்காளிச் சாறுகூட ஒட்டியிருக்கும். கூட்டம் ஓய்ந்த பிறகுதான் பேரேடு என்கிற பெரிய கணக்குப் புத்தகத்தில் ஏற்றுவது. நீ சிட்டையே இல்லாமல் நேரே பேரேடு எழுதப் பார்க்கிறாய்.

போன வாரம் ஒரு வேலையாகக் கேரள எல்லையில் புளியரை போயிருந்தேன். ஓண நேரம், லாரிகள் வரிசையாக நின்றன. திடீரென்று தூறல். கேரள வண்டி டிரைவர் ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, தார்ப்பாய் எட்டாத கேந்திப்பூ மூடைமேல் விரித்தார். மலையாளத்தில் கயிறு கேட்டார். டீக்கடைக்காரர் தமிழில் திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். கட்டி முடித்து, நனைந்த தலையோடு நின்று டீ குடித்தார் மனுஷன். இது கதையா, எனக்குத் தெரியாது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் ரெண்டு வரி குறித்திருந்தேன். இன்றைக்கு உனக்கு எழுத ஒரு பத்தி ஆயிற்று.

புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். என்ன எழுதினார் என்கிறாய்? எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, யாருக்கும் யாருக்கும் தகராறு. வியாபாரி பார்வைதான். இன்றைக்கு அந்தக் காலத்துப் புதுச்சேரியைத் தெரிந்துகொள்ள அதைத்தான் புரட்டுகிறார்கள்.

ராத்திரி வேண்டாம். காலையில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் முந்தின நாளில் பார்த்தது ஒன்றைக் குறித்துவிடு. ஒருநாள் விட்டுப் போனால் மறுநாள் சேர்த்து எழுதாதே. இந்தக் கணக்கில் பாக்கியும் கிடையாது, வட்டியும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எது திரும்பத் திரும்ப மனதில் வருகிறதோ அதை மட்டும் பெரிதாக எழுது. மற்றது கிடக்கட்டும்.

ஒன்றும் அகப்படவில்லையா, ஆச்சியைக் கேள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ‘எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘என்னத்தை’ என்பாள். பாடப்புத்தகம் மாறியதா, யார் வீட்டில் சந்தோஷம், யார் வீட்டில் முணுமுணுப்பு என்று துருவிக் கேள். நான் கேட்டால் அதட்டுகிறாள், பேத்திக்குச் சொல்லுவாள்.

அப்புறம், ஊருக்கு வர பாலருவி ரயிலில் டிக்கெட் போட்டதும் சொல். அது மலை ஏறும்போது இருட்டு, வெளியே ஒன்றும் தெரியாது. பெட்டிக்குள்ளே பார், சிட்டைக்கு அதுவே போதும். ஆச்சியின் தைலம் தீர்ந்துவிட்டது. போன தடவை எர்ணாகுளத்தில் வாங்கினாயே, அதேதான் வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா