சனசமூக நிலைய ஆண்டறிக்கை: படப்புத்தக வாசிப்பும் சிறுவர் பாதுகாப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, பெற்றோர்களே,

வரவு செலவுகளைப் பொருளாளர் தமது அறிக்கையில் தருவார். சிரமதானமும் வாசிகசாலைக் கூரைத் திருத்தமும் கூட்டக் குறிப்பேட்டில் உள்ளன. ஆகவே இவ்வறிக்கையை, இவ்வாண்டு எமது நேரத்தையும் வாக்குவாதத்தையும் மிகுதியாக எடுத்துக்கொண்ட ஒரு பணிக்கே ஒதுக்குகின்றேன். முன்பின் தெரியாதவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பதைப் படப்புத்தகங்களின் வழியே சிறுவர்களுக்குக் கற்பித்ததே அப்பணியாகும்.

முன்பள்ளிப் பிள்ளைகளுக்கும் தரம் 1, 2 மாணவருக்கும் சனிக்கிழமைப் பின்னேரங்களில் வாசிப்பு நடைபெற்றது. வாங்கிய புத்தகங்களிற் பல தமிழ்நாட்டில் அச்சானவை. அவற்றின் பின்னட்டையில் இருந்த 1098 இந்தியாவின் சிறுவர் உதவி எண்ணாதலால், அதன்மேல் எமது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தை எழுதி ஒட்டினோம். கட்டணமின்றி நாள் முழுவதும் இயங்கும் இந்த இலக்கத்தைப் பிள்ளைகள் மனனம் செய்துவிட்டனர்; பெற்றோரிற் சிலர் இன்னும் செய்யவில்லை.

முதல் நாள் "அந்நியர் என்றால் யார்?" என்று கேட்டபோது, ஒரு பிள்ளை "சாக்கோடை வாற பிள்ளைபிடிகாரன்" என்றது. சோறு தின்னாத பிள்ளைக்கு நாமே காட்டி வளர்த்த பூச்சாண்டி அவன். புத்தகத்தின் படமும் அவனைப் போலவே கறுத்த முகமும் முறுக்கு மீசையுமாக இருந்தது. இன்னொரு பிள்ளை சற்று யோசித்துவிட்டு, "எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது, எல்லாரும் மாமாதானே" என்றது. மீன் கொண்டு வருபவரும் தபாற்காரரும் வேலி அடைக்க வருபவரும் மாமா அல்லது அண்ணை என்றே அழைக்கப்படும் ஊரில், அந்நியர் என்பது புத்தகத்தில் மட்டும் வாழும் சொல் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும், பிள்ளை ஒருநாளும் கண்டிராத உறவினர் சொக்லேற்றுடன் வந்து தூக்கிக் கொஞ்சும்போது, "தெரியாதவர் தருவதை வாங்காதே" என்ற பாடம் வீட்டு வாசலிலேயே உடைந்துவிடுகின்றது.

சிறுவருக்குத் தீங்கு செய்வோரிற் பெரும்பாலானோர் பிள்ளைக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்கள் என்பது சிறுவர் பாதுகாப்புப் பணியிலுள்ளோர் நன்கறிந்த உண்மை. எனவே ஆள் யார் என்பதை விட்டு, அவர் என்ன கேட்கின்றார் என்பதைக் கவனிக்கப் பழக்கினோம். வளர்ந்தவர் ஒருவர் நாய்க்குட்டியைத் தேடச் சிறு பிள்ளையின் உதவியைக் கேட்டால், அம்மாவுக்குச் சொல்லாதே என்றால், தனியே வரச்சொன்னால், அவர் எந்த மாமாவானாலும் விலகி வந்து சொல்லிவிட வேண்டும். மடியில் இருக்க விருப்பமில்லாத பிள்ளை கைகூப்பி வணக்கம் சொன்னாற் போதும் என்றும் கூறினோம். இதனால் மனம் வருந்திய பாட்டன், பாட்டியார் சிலர் இச்சபையிலும் அமர்ந்திருக்கின்றனர். ஆயினும் அந்த முடிவை மாற்ற எனக்கு மனமில்லை.

தவறும் நேர்ந்தது. இரண்டாம் வாரம் நான் கதையை நிறுத்தாமல் வாசித்து முடித்தேன். மறுநாள் ஒரு பிள்ளை, வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தரைக் கண்டு கட்டிலின் கீழ் ஒளித்துக்கொண்டது. அதன் பின்னர் பக்கத்தைப் புரட்டுமுன் நிறுத்தி, "நீயென்றால் என்ன செய்வாய்?" என்று கேட்டு, பிள்ளைகளின் பதிலை வாசிகசாலைப் படலையடியில் நடித்துப் பார்க்கவும் வைத்தோம். ஓட்டோவில் வந்து "அம்மா கூட்டிக்கொண்டு வரச் சொன்னவா" என்பவராக நடிப்பது எமது உபதலைவரின் பங்கு. பிள்ளை அவரிடம், வீட்டார் மட்டும் அறிந்த இரகசியக் குறிச்சொல்லைக் கேட்கும், அவர் விழிப்பார், பிள்ளை பின்வாங்கி, உரத்துக் கத்தி, ஓடிவிடும். (தோசையைக் குறிச்சொல்லாக வைத்த வீட்டார் அதை மாற்றிக்கொள்வது நல்லது.) திருவிழாக் கூட்டத்தில் தவறிவிட்டால், அலையாமல் நின்று, பிள்ளைகளுடன் நிற்கும் ஒரு தாயையோ கடமையிலுள்ள பொலிஸாரையோ அணுகுவதையும் பழக்கினோம். தெரியாதவரெல்லாம் கெட்டவர் என்று படித்த பிள்ளையால் இதைச் செய்ய முடியாது.

வாசிப்பின்போது ஒரு பிள்ளை தன் துன்பத்தைச் சொல்லத் தொடங்கினால், வாசிப்பவர் துருவிக் கேட்காமலும், ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடாமலும் கேட்டுக்கொண்டு, பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ 1929 இற்கோ அறிவிக்க வேண்டும் என நிர்வாக சபை தீர்மானித்துள்ளது. அத்தகைய விடயங்கள் எந்த அறிக்கையிலும் இடம்பெறமாட்டா.

பிள்ளைகள் வரைந்த படங்களைக் கொண்டு எமக்கென ஒரு புத்தகம் ஆக்கும் வேலை பாதியில் நிற்கின்றது. அதில் வரும் ஆள் மடிப்புக் கலையாத சேட்டணிந்து, சிரித்த முகத்துடன் நிற்கின்றார். அவருக்குப் பிள்ளைகள் இட்ட பெயர் மாமா. இது ஊரிலுள்ள மாமன்மாரைச் சந்தேகிக்க வைக்கும் என்று அங்கத்தவர் இருவர் எழுத்தில் ஆட்சேபித்துள்ளனர். படத்தை அப்படியே அச்சிட வேண்டும் என்பது எனது கருத்து. இரண்டையும் சபையின் வாக்கெடுப்புக்கு விடுகின்றேன்.

செயலாளர்