கத்தரிக்காய்க் கறியில் இறைச்சி இல்லை

திருக்கோணமலை
வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்பு மகனுக்கு,

நேற்று நீ போனில் கதைத்ததை அப்பாவுக்குச் சொன்னேன். மனுஷன் சிரித்து அடங்கப் பத்து நிமிஷம் எடுத்தது. நீ வேலையால் வந்து, கண் எரிய வெங்காயம் வெட்டி, கந்தோர் விருந்துக்குக் கத்தரிக்காய்க் கறி கொண்டுபோக, அந்தச் சென்னைப் பிள்ளை "ஐயோ, நான் கறி சாப்பிட மாட்டேன், நான் சுத்த வெஜ்" என்று பின்வாங்கினாளாம். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர் "கறி என்பது ஒரு தூள் அல்லவா?" என்றாராம். மூன்றாமவர் "அது இங்கிலிஷ்காரன் உண்டாக்கின சொல்" என்று தீர்ப்பே எழுதிவிட்டாராம். ஒரு சட்டிக் கறிக்கு மூன்று வழக்கு! உனக்குச் சிரிப்பு வரவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் நீ இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாய்.

இதே கூத்து எனக்கும் நடந்தது. நீ பிறக்க முந்தி அப்பாவும் நானும் சிதம்பரம் போனோம். கோயிலுக்குக் கிட்ட ஒரு சைவ மெஸ். இலை போட்டு, சோறு வைத்து, ஒருவர் வாளியோடு வந்தார். நான் வீட்டில் கேட்பதுபோல, "தம்பி, இன்றைக்கு என்ன கறி?" என்றேன். அந்தப் பிள்ளை கரண்டியைத் தூக்கினபடியே நின்றுவிட்டது. "அம்மா, இங்க கறியெல்லாம் கிடையாது" என்று மெதுவாகச் சொன்னது, பக்கத்து இலைக்காரர் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாளிக்குள் பார்த்தேன், வாழைக்காய். "பிறகு இது என்ன?" "பொரியல்." எனக்கு வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. எதிரே இருந்த ஒரு பாட்டிதான் என்னைக் காப்பாற்றினார். "நீ சாப்பிடும்மா, எங்காத்துல இதுக்கும் கறின்னுதான் பேர், கறியமுதுன்னு சொல்லுவோம்" என்றார். ஐயங்கார் வீட்டு வழக்கு அது. ஒரே பந்தியில், ஒரே வாளிக்கு, ஒருவருக்குக் கறி, ஒருவருக்குக் கறி இல்லை.

ஆகவே அந்தப் பிள்ளையைப் பிழை என்று சொல்லாதே. அவர்கள் ஊரில் கறிக்கடை என்றால் ஆட்டிறைச்சிக் கடை. நமக்கு அது இறைச்சிக்கடை. நமக்குச் சோற்றோடு சேருகிற எல்லாமே கறி: மீன்கறி, பருப்புக்கறி, பால்கறி. மரக்கறிச் சாப்பாடு என்றால் இங்கே யாரும் மரத்தில் என்ன கறி என்று கேட்பதில்லை. மூதூர்ப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் போய் நின்றால் ஆணம் என்ற வேறு சொல்லே வரும். அவள் வீட்டிலும் சந்தைக்குப் போனால் "காய்கறி" என்றுதானே சொல்வார்கள்? அதற்குள் இருக்கிற கறி எந்த ஆட்டினுடையது என்று ஒருதரம் கேட்டுப் பார். சண்டைக்கு இல்லை, சிரிப்புக்கு.

பெரிய புராணத்தில் இரண்டும் இருக்கிறது. சிறுத்தொண்டர் கதையில் அடியார் கேட்பது பிள்ளைக்கறி; அது இறைச்சிதான், சந்தேகமில்லை. அதே புராணத்தில் இளையான்குடி மாறனார் மழை இரவில் வந்த விருந்தாளிக்காக, குழியில் முளைத்திருந்த குறும்பயிரை இருட்டில் தடவிப் பறித்து மனைவியிடம் "கறிக்கு" என்று கொடுக்கிறார். அது வெறும் கீரை. சேக்கிழாருக்கு இரண்டும் கறி. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை, "டீச்சர், மாறனார் நம்மட ஊர் ஆளா?" என்று கேட்டது இன்றும் ஞாபகம்.

அதற்கும் முந்திப் போனால் மிளகுக்கே கறி என்று பெயர். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் வந்து குவிந்த சரக்குகளைச் சொல்கிற இடத்தில் "கருங்கறி மூடை" வருகிறது. மிளகு மூட்டை. ஐந்து அடி தள்ளி "ஈழத்து உணவும்" என்று நம்மையும் சேர்த்திருக்கிறார் புலவர். அந்த வரிக்கு வந்தால் நான் எப்போதும் கொஞ்சம் நிறுத்திப் படிப்பேன், உனக்குத் தெரியும். கறித்தல் என்றால் கடித்துத் தின்னுதல். ஆடு புல்லைக் கறிப்பதும் அதுதான். எல்லாக் கறியும் அந்த வினையில் இருந்து வந்தது என்று நினைக்கத்தான் எனக்குப் பிடிக்கும். பல்லுக்கு வேலை கொடுக்கிற எதுவும் கறி.

சரி, இனி அந்தத் தீர்ப்புக்காரருக்கு வருவோம். 1390 அளவில் இங்கிலாந்து ராசாவின் சமையல்காரர்கள் எழுதிய சுவடி ஒன்றில் "கியூரி" என்று ஒரு சொல் உண்டு. சமையல் என்று பொருள், பிரெஞ்சில் இருந்து போனது. அதைப் பிடித்துக்கொண்டுதான் சிலர் கறி எங்களுடையது என்கிறார்கள். குதிரையைத் தேய்த்துவிடுவதற்கும் இங்கிலிஷில் கறி என்றே ஒரு சொல் இருக்கிறது. மூன்றுக்கும் ஒலி மட்டும்தான் சொந்தம்.

நம்முடைய கறி அவர்களிடம் போன வழியில் நம்முடைய கொட்டியாரமும் இருக்கிறது. 1660 இல் பாய்மரம் முறிந்த ஒரு இங்கிலிஷ் கப்பல் அதைச் சரிபார்க்கக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்பல் தலைவனையும் அவன் மகன் ராபர்ட் நொக்ஸையும் கண்டி ராசாவின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் செத்துப்போக, மகன் 19 வருடம் மலைநாட்டில் கிடந்து, 1679 இல் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊரில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு ஓடினான். மூதூரில் அவர்கள் பிடிபட்ட புளியமரத்தடி என்று ஒரு கல் வைத்திருக்கிறார்கள். பாலங்கள் வர முந்தி லாஞ்சில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். பாதிப் பேருக்கு வாந்தி, மீதிப் பேருக்குப் பசி, கல்லைப் பார்த்தது நான் மட்டும்தான்.

அந்த நொக்ஸ் 1681 இல் எழுதிய புத்தகத்தில், இந்த நாட்டுச் சனம் பழங்களைப் பழுக்க முந்தியே பறித்து அவித்துக் கறி ஆக்குகிறார்கள், அதாவது சோற்றோடு சேர்த்துச் சுவையாகச் சாப்பிட ஏதோ ஒன்று, என்று சொல்கிறான். பார்த்தாயா, அவன் கண்ட கறி பிலாக்காய் மாதிரி மரக்கறிதான்! இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்க்கவில்லை. ஆனால் ஒரு பிழை விட்டான்: அது போர்த்துக்கீசச் சொல் என்கிறான். போர்த்துக்கீசர் நம்முடைய கரையோரங்களில் பிடித்து "கரில்" என்று ஆக்கின சொல் அது. மலையாளத்திலும் கறிதான், அதனால் நாம் மட்டும் உரிமை கொண்டாடவும் வேண்டாம்.

பிறகு 1747 இல் லண்டனில் அச்சான ஒரு சமையல் புத்தகத்தில் கறி செய்முறை வருகிறது. அதில் மிளகும் கொத்தமல்லியும்தான், மிளகாய் இல்லை. போகப்போகப் பண்டத்தின் பெயர் தூளின் பெயராகிவிட்டது. உன் ஜெர்மன்காரர் அந்த மிச்சத்தைத்தான் சொல்கிறார். 1949 இல் உன் பெர்லினிலேயே ஒரு பெண் பொரித்த சொசேஜ் மேல் தக்காளிச் சோஸும் அந்தத் தூளும் போட்டு விற்கத் தொடங்கினாள், அது அவர்களுடைய தேசியச் சாப்பாடு போல ஆகிவிட்டது. ஜப்பானுக்கு இங்கிலிஷ்காரரோடு போய்க் "கரே" ஆனது. அவர்களுடைய கடற்படைக் கப்பல்களில் இன்றும் வெள்ளிக்கிழமை என்றால் கரே சோறாம். 1942 ஏப்ரல் 9 இல் இந்தத் துறைமுகத்தில் அவர்கள் குண்டு போட்ட கதையை அம்மம்மா சொல்லக் கேட்டிருப்பாய். குண்டு போட்டவனுக்கும் கறி பிடித்திருக்கிறது.

உன் மேல்வீட்டுத் துருக்கிக்காரரிடம் மட்டும் இந்தச் சொல்லைக் கவனமாகச் சொல். அவர்களுக்குக் கிட்டத்தட்ட அதே ஒலியில் வருகிற சொல்லுக்கு மனைவி என்று பொருள், கொஞ்சம் மரியாதைக் குறைவும்கூட. "உங்களுக்குக் கறி வேணுமா?" என்று கேட்டு வைக்காதே.

எனக்குப் பிடித்தது சிங்களம்தான். மாளு என்றால் மீன். ஆனால் பிலாக்காய்க் கறிக்கும் கிழங்குக் கறிக்கும்கூட மாளு என்பார்கள். சந்தையில் எனக்குக் கத்தரிக்காய் தருகிற அம்மாவிடம் ஒருநாள், "அப்ப உங்கட கத்தரிக்காயில மீன் இருக்கோ?" என்று கேட்டேன். "உங்கட கறியில இறைச்சி இருக்கோ?" என்றாள்.

மாதக் கடைசியில் பின்வீட்டுத் தம்பி பிராங்பேர்ட் வருகிறான். அவனிடம் ஒரு கிலோ கறித்தூள் கொடுத்துவிடுகிறேன். மில்லில் நானே நின்று அரைப்பித்தது, பெருஞ்சீரகம் கொஞ்சம் கூட. காற்றுப் போகாத போத்தலில் போட்டு வை. கால்கிலோவை அந்தச் சென்னைப் பிள்ளைக்குக் கொடு. பெயரைக் கேட்டு அவள் பயந்தால் "மசாலாத் தூள்" என்று சொல்லிவிடு, எனக்குக் கோபம் இல்லை.

அன்புடன்
அம்மா

அப்பா கேட்கச் சொன்னது: கத்தரிக்காயைப் பொரித்துப் போட்டாயா, பச்சையாகவே போட்டாயா? பச்சையாகப் போட்டிருந்தால் அவள் சாப்பிடாமல் விட்டதில் நியாயம் இருக்கிறதாம்.